ஒரு குடியுரிமையும் பல அட்டவணைகளும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியில் ஆரம்பாக்கத்தைக் கடந்தால் தமிழ்நாடு முடிகிறது. தடா என்னும் ஊருடன் ஆந்திரப் பிரதேசம் தொடங்குகிறது. இவ்வெல்லையைக் கடப்போரிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்பதில்லை. இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நாள்தோறும் ஆலைத் தொழிலாளர் செல்கின்றனர். பெண் கொள்வதும் கொடுப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. இரு பக்கத்தாரும் இந்தியக் குடிமக்கள் என்பதே இதற்குக் காரணம்.

ஆயினும் நம் சமுதாயத்தில் பிறந்த ஒருவர் இவ்வெல்லையைக் கடந்து குடியேறும்போது, அவருடன் வருவன சில, வாராதன சில. குடியுரிமை அவருடன் வருகிறது. வாக்குரிமை வருகிறது. ஆனால் அவர் கையிலுள்ள வகுப்புச் சான்றிதழ் தரும் உரிமைகளுள் பல எல்லைக் கல்லுடன் நின்றுவிடுகின்றன. நாடு ஒன்று, குடியுரிமை ஒன்று என்று படித்த நம் இளைஞர்கள் பலருக்கு இச்செய்தி, விண்ணப்பம் தள்ளப்பட்ட பின்னரே தெரிய வருகிறது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், இதனுள் நமக்குள்ள உரிமைகள் யாவை என்பதையும் வரலாற்று வழியில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கூட்டு நாடுகளில் குடியுரிமை

பல மாநிலங்கள் கூடி ஒரு நாடாக அமையும் இடங்களில் எல்லாம் முதலில் எழும் வினா ஒன்றுண்டு. அங்கு வாழ்பவன் மாநிலத்தின் குடிமகனா, நாட்டின் குடிமகனா என்பதே அவ்வினா. இதற்கு உலக நாடுகள் ஒரே விடை கூறவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டம் 1787-இல் வரையப்பட்டபோது, குடிமகன் என்பவன் யார் என்பதை அது வரையறுக்கவில்லை. மாநிலங்கள் தத்தம் விருப்பப்படி நடந்துகொண்டன. இதன் கொடிய விளைவு 1857-இல் வெளிப்பட்டது. டிரெட் ஸ்காட் என்னும் கறுப்பின அடிமை தமக்கு விடுதலை கோரித் தொடுத்த வழக்கில், அடிமைகளின் வழிவந்த கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்கள் ஆகமாட்டார் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாநிலம் அவரைத் தன் குடிமகனாக ஏற்றாலும் அதனால் அவர் நாட்டின் குடிமகன் ஆகிவிட மாட்டார் என்பதே அத்தீர்ப்பின் கருத்து. உள்நாட்டுப் போர் முடிந்தபின், 1868-இல் நிறைவேறிய பதினான்காவது திருத்தமே இதனை மாற்றியது. அந்நாட்டில் பிறந்தவர் நாட்டின் குடிமகன். தாம் வாழும் மாநிலத்தின் குடிமகனும் ஆவார் என்று அது விதித்தது. அதன் பின்னரும் தென்மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி போன்ற சூழ்ச்சிகளால் கறுப்பின மக்களின் வாக்குரிமையைத் தடுத்தே வந்தன. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அம்மக்கள் காத்திருக்க நேர்ந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் வேறொரு வழியைக் கொண்டது. 1992-இல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை ஒன்றியக் குடியுரிமை என்பதைத் தோற்றுவித்தது. ஆனால் அதனை ஒன்றியம் நேரே வழங்குவதில்லை. உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாக இருப்பவர்க்கே அது கிடைக்கும். வேர் உறுப்பு நாட்டில் இருக்கிறது. கிளையே ஒன்றியத்தில் படர்கிறது. ஆகவேதான் 2020-இல் பிரிட்டன் ஒன்றியத்தைவிட்டு விலகியபோது பிரிட்டானியரின் ஒன்றியக் குடியுரிமையும் உடன் நீங்கியது.

இந்தியா இவ்விரண்டினின்றும் வேறுபட்ட வழியை மேற்கொண்டது. நம் அரசியல் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று கூறுகிறது. ஆயினும் குடியுரிமை பற்றிய 5 முதல் 11 வரையுள்ள உறுப்புகள் இந்தியக் குடியுரிமை என்ற ஒன்றையே பேசுகின்றன. தமிழ்நாட்டுக் குடியுரிமை என்றோ ஆந்திரக் குடியுரிமை என்றோ சட்டத்தில் இல்லை. குடியுரிமை பற்றிச் சட்டம் இயற்றும் அதிகாரமும் நாடாளுமன்றத்துக்கே உரியது; 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவ்வாறு வந்ததே.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவுச் சட்டத்தை முன்வைத்து ஆற்றிய உரையில் இதனை விளக்கினார். அமெரிக்காவில் இரட்டை ஆட்சியுடன் இரட்டைக் குடியுரிமையும் உண்டு. அங்கே ஒரு மாநிலம் தன் மக்களுக்குத் தரும் சில உரிமைகளைப் பிற மாநிலத்தார்க்கு மறுக்க இடமிருக்கிறது. இந்தியாவில் ஆட்சி இரட்டையாயினும் குடியுரிமை ஒன்றே என்பது அவர் எடுத்துக்காட்டிய வேறுபாடு. உள்ளூர் அதிகாரம் தாழ்த்தப்பட்டோர்க்கு எவ்வாறு பயன்படும் என்பதை வாழ்வில் கண்டவர் அவர். நாடு முழுமைக்கும் உரிய குடியுரிமை நம் மக்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை நாம் எளிதில் உணரலாம்.

மாநிலத்தை ஒட்டிய உரிமை எவரை முதலில் தாக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1957-இல் ஜம்முவில் துப்புரவுப் பணிக்காகப் பஞ்சாபிலிருந்து வால்மீகி வகுப்பினர் அழைத்து வரப்பட்டனர். அங்கு அப்போது நடைமுறையிலிருந்த தனி ஏற்பாட்டின்படி, நிலையான குடியிருப்பாளர் என்ற சான்று பெற்றவர்க்கே மாநில அரசுப் பணியும், நிலவுரிமையும், சட்டமன்றத் தேர்தலில் வாக்கும் உண்டு. வால்மீகி மக்களுக்கு அச்சான்று தரப்படவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்த அதே மனிதர் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை. அவர்தம் பிள்ளைகள் எத்துணைப் படித்தாலும் மாநில அரசில் துடைப்பம் ஏந்தும் பணி ஒன்றே திறந்திருந்தது. 2019-இல் அத்தனி ஏற்பாடு நீக்கப்பட்ட பின்னரே இந்நிலை மாறியது. 2024-இல்தான் அவர்கள் முதன்முறையாகச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களித்தனர். அத்தனி ஏற்பாடு நீக்கப்பட்டதைப் பற்றி அரசியல் கருத்துகள் பலவாக இருக்கலாம். ஆறு பத்தாண்டுகள் ஒரு சமுதாயம் இந்தியக் குடிமக்களாகவும் மாநிலத்தில் அயலாராகவும் வாழ்ந்தது என்பதில் ஐயமில்லை.

எல்லை மாறிய நம் வட்டங்கள்

மாநில எல்லை என்பது மாறாத ஒன்றன்று என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டமே சான்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்துடன் திருத்தணியும் ஆந்திரத்துக்குச் சென்றது. அதனை மீட்பதற்கு ம.பொ. சிவஞானம் தலைமையில் நடந்த கிளர்ச்சியை நாம் அறிவோம். எச்.வி. படாஸ்கர் இருதரப்பையும் ஆராய்ந்து வழங்கிய முடிவின் அடிப்படையில், 1959-இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டத்தை இயற்றியது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. அதே நாளில், அந்நாள் செங்கற்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களைச் சேர்ந்த சிற்றூர்கள் பல ஆந்திரத்துக்குச் சென்றன. சத்தியவேடு பகுதி அவ்வாறு சென்றதே.

அன்று எவரும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. முதல் நாள் சென்னை மாநிலத்தில் உறங்கியவர் மறுநாள் ஆந்திரத்தில் விழித்தார். அவருடைய இந்தியக் குடியுரிமைக்கு ஒரு குறைவும் நேரவில்லை. குடியுரிமை மாநிலத்தில் வேர்கொண்டிருந்தால் இத்தகைய எல்லை மாற்றம் ஒவ்வொன்றும் பெரும் துயராக முடிந்திருக்கும். மாநிலத்தின் பெயரையும் எல்லையையும் மாற்றும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு மூன்றாவது உறுப்பு தந்திருப்பதும், குடியுரிமை ஒன்றாக இருப்பதும் ஒன்றையொன்று தாங்கி நிற்பன.

ஆனால் அன்று பிரிந்த சேரிகளின் உறவுமுறை பிரியவில்லை. அண்ணன் ஊத்துக்கோட்டைப் பக்கத்திலும் தம்பி சத்தியவேட்டிலும் வாழும் குடும்பங்கள் இன்றும் உள. இவர்களுடைய குடியுரிமை ஒன்று, வகுப்பு ஒன்று, ஆனால் இவர்கள் இடம்பெற்றிருக்கும் அட்டவணைகள் இரண்டு. இந்த அட்டவணை எவ்வாறு வந்தது என்பதை இனிக் காண்போம்.

அட்டவணையின் வரலாறு

நம் மக்களை அரசு தனியே கருதி ஏற்பாடு செய்த தொடக்க முயற்சிகளுள் ஒன்று இம்மண்ணுக்கே உரியது. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர், இம்மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதனை ஒட்டி 1892-இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலம் வழங்கலுக்கு அடிப்படையாயிற்று. திருவள்ளூரும் பொன்னேரியும் அன்று அம்மாவட்டத்தின் பகுதிகளே. பின்னர் 1922-இல், எம்.சி. இராசாவின் முயற்சியால், ஆதிதிராவிடர் என்ற பெயர் சென்னை மாகாண அரசின் ஆவணங்களில் இடம்பெற்றது. இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் நம் இரட்டைமலை சீனிவாசனும் அமர்ந்து தாழ்த்தப்பட்டோர்க்காக வாதாடினார்.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அட்டவணை வகுப்பினர் என்னும் தொடரைச் சட்டத்தில் புகுத்தியது. 1936-இல் மாகாணந்தோறும் தனித்தனி அட்டவணை வெளியிடப்பட்டது. தீண்டாமை நாடு முழுதும் இருந்தாலும், எந்த வகுப்பு எங்கே தீண்டப்படாததாக நடத்தப்பட்டது என்பது இடத்துக்கு இடம் வேறுபட்டதே இதற்குக் காரணம்.

விடுதலைக்குப் பின்னும் இம்முறையே தொடர்ந்தது. 1949 செப்டம்பர் 17 அன்று அண்ணல் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் ஓர் உறுப்பை முன்மொழிந்தார். அதுவே இன்று 341-ஆவது உறுப்பாக உள்ளது. குடியரசுத் தலைவர் அட்டவணையை வெளியிடுவார். அதன்பின் ஒரு பெயரைச் சேர்ப்பதோ நீக்குவதோ நாடாளுமன்றத்தால் மட்டுமே இயலும் என்பது அதன் சாரம். மாநில அரசியல்வாதிகள் தேர்தல் ஆதாயத்துக்காக அட்டவணையைத் தொடாதபடி காக்க இட்ட வேலி இது. ஆனால் ஒவ்வோர் அட்டவணையும் அந்தந்த மாநிலத்தைப் பொறுத்தே செல்லும் என்றும் அவ்வுறுப்பு கூறுகிறது. 1950 ஆகஸ்டு 10 அன்று முதல் ஆணை வெளியாயிற்று.

தொடக்கத்தில் ஒரே மாநிலத்துக்குள்ளும் வட்டம், மாவட்டம் என்று பல எல்லைகள் இருந்தன. 1976-இல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம் அவற்றுள் பெரும்பாலானவற்றை நீக்கியது. எஞ்சியவை இன்றும் உள. வண்ணார் வகுப்பினர் கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் அட்டவணையில் இடம்பெற்றுள்ளனர். பொன்னேரி வட்டத்து வண்ணார் அதில் இல்லை. திருவிதாங்கூரிலிருந்து 1956-இல் தமிழகத்தோடு இணைந்த பகுதிகள் என்பதே இவ்வேறுபாட்டின் வரலாறு.

நீதிமன்றங்கள் கூறியவை

மாநில எல்லையைக் கடந்தவரின் அட்டவணை உரிமை என்னாகும் என்ற வினா 1990-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு முன் வந்தது. மர்ரி சந்திரசேகர ராவ் என்னும் மாணவர் ஆந்திரத்துத் தெனாலியில் பிறந்தவர். அங்கே பழங்குடியாக ஏற்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். தந்தையின் பணி காரணமாக ஒன்பதாம் வயதில் பம்பாய்க்கு வந்து அங்கேயே படித்தார். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினர்க்குரிய இடத்தை அவர் கோரியபோது அது மறுக்கப்பட்டது. மறுத்தது சரியே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு மாநிலத்தில் ஒரு வகுப்பு அடைந்த இழிவைக் கருதி அம்மாநிலத்தில் தரப்பட்ட பாதுகாப்பை, வேறொரு மாநிலத்துக்குத் தூக்கிச் செல்ல இயலாது என்பது அதன் காரணம். அதே வேளையில், பெற்றோரின் பணியால் இடம்பெயரும் இத்தகைய பிள்ளைகளுக்கு உரிய சட்டம் இயற்றுவதை நாடாளுமன்றம் கருத வேண்டும் என்றும் நீதிமன்றம் சுட்டிக் காட்டியது. அச்சட்டம் இன்றுவரை வரவில்லை.

1994-இல் வந்த மற்றொரு தீர்ப்பு இதனை மேலும் இறுக்கியது. இரு மாநில அட்டவணைகளிலும் ஒரே பெயர் இருந்தாலும், ஒன்றில் உள்ளவர் மற்றொன்றின் சலுகையைக் கோர முடியாது என்று அது கூறிற்று. நம் பகுதிக்கு இது மிகவும் பொருந்தும். ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர், மாலா, மாதிகா என்னும் பெயர்கள் தமிழ்நாட்டு அட்டவணையிலும் உள. ஆந்திர அட்டவணையிலும் உள. எனினும் சத்தியவேட்டு மாலா ஒருவர் கும்மிடிப்பூண்டியில் குடியேறினால், தமிழ்நாட்டு அரசுப் பணியில் இட ஒதுக்கீடு கோர இயலாது. பீகாரிலிருந்து இரும்பு ஆலைகளுக்கு வரும் துசாத், முசஹர் வகுப்பினரின் பெயர்களோ நம் அட்டவணையில் இல்லவேயில்லை.

2018-இல் பீர் சிங் வழக்கில் ஐவர் அமர்வு மீண்டும் இதனை உறுதி செய்தது. ஒரு மாநிலத்தின் அட்டவணை வகுப்பினர் வேறொரு மாநிலத்தின் பணியில் ஒதுக்கீடு பெற முடியாது. மைய அரசுப் பணிகளில் மட்டும் ஒதுக்கீடு நாடு முழுமைக்கும் உரியது என்பது அதன் முடிவு.

அதே ஆண்டில் வந்த வேறொரு தீர்ப்பு நம் பெண்மக்கள் கருதத் தக்கது. பஞ்சாபில் பிறந்த வால்மீகி வகுப்புப் பெண் ஒருவர் உத்தரகண்டில் அதே வகுப்பைச் சேர்ந்தவரை மணந்து அங்கே வாழ்ந்தார். உத்தரகண்டிலும் வால்மீகி அட்டவணை வகுப்பே. ஆயினும் அவர் இடம்பெயர்ந்தவர் என்ற காரணத்தால் அம்மாநிலப் பணியில் ஒதுக்கீடு மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமும் அதனை ஏற்றது. எல்லைக்கு அப்பால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் நம் குடும்பங்களில் எத்தனை மருமக்கள் இந்நிலையில் இருக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாநிலமே பிரிந்தால் என் செய்வது என்ற வினாவுக்கு 2021-இல் விடை கிடைத்தது. 2000-இல் பீகாரிலிருந்து ஜார்கண்டு பிரிந்தது பற்றிய வழக்கில், பிரிந்த இரு மாநிலங்களுள் ஏதேனும் ஒன்றில் உரிமை கோரலாம். இரண்டிலும் ஒரே வேளையில் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மனிதர் நகர்வது வேறு, எல்லை நகர்வது வேறு என்ற வேறுபாடு இதனால் தெளிவாகிறது.

உடன் வருவனவும் வாராதனவும்

மேற்கூறியவற்றால் மாநிலம் கடந்தவர்க்கு ஒன்றுமே இல்லை என்று எவரும் மனம் சோர வேண்டுவதில்லை. உடன் வருவன பல உள.

மைய அரசுப் பணிகள், மைய அரசு நிறுவனங்கள், மையப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றில் அட்டவணை வகுப்பினர்க்குரிய இடம் எம்மாநிலத்தார்க்கும் உண்டு. மைய உள்துறை அமைச்சகம் 1985 பிப்ரவரியில் அனுப்பிய சுற்றறிக்கையின்படி, தந்தை தம் சொந்த மாநிலத்தில் பெற்ற சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரி பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம். அது சொந்த மாநிலத்தின் வகுப்பைக் குறிக்கும் சான்றிதழாகவே இருக்கும். மெட்ரிக் படிப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகையையும் சொந்த மாநிலமே தர வேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு எல்லையுடன் நிற்பதில்லை என்று 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. இழிவு எங்கே இழைக்கப்பட்டாலும் இழிவே என்பதால் இது நேரிய முடிவாகும். தங்கும் இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளும் உரிமையும் உண்டு. தமிழ்நாட்டில் 2020 முதல், பிற மாநிலக் குடும்ப அட்டை கொண்டோரும் நியாயவிலைக் கடையில் தமக்குரிய தானியத்தைப் பெறலாம்.

இவ்விரு வகை உரிமைகளையும் ஒருங்கே காண விரும்புவோர் நம் தேர்தல் தொகுதிகளையே நோக்கலாம். திருவள்ளூர் நாடாளுமன்றத் தொகுதி அட்டவணை வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டது. பொன்னேரி சட்டமன்றத் தொகுதியும் அவ்வாறே. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, நாடாளுமன்றத்துக்குரிய ஒதுக்கீட்டுத் தொகுதியில் எம்மாநிலத்து அட்டவணை வகுப்பினரும் போட்டியிடலாம். சட்டமன்றத்துக்குரிய ஒதுக்கீட்டுத் தொகுதியிலோ அம்மாநிலத்து அட்டவணை வகுப்பினர் மட்டுமே போட்டியிடலாம். பொன்னேரி வாக்காளர் ஒருவர் இரு தேர்தல்களிலும் வாக்களிப்பது ஒரே ஊரில்தான். ஒன்றில் வேட்பாளரின் எல்லை இந்தியா, மற்றொன்றில் தமிழ்நாடு.

தனியார் ஆலைகளில் புதிய வேலிகள்

சிப்காட் தொழிற்பேட்டையும், எல்லைக்கு அப்பாலுள்ள ஸ்ரீசிட்டியும் நம் இளைஞர்கள் பலர்க்கு வேலை தருவன. தனியார் ஆலைகளில் வகுப்பு ஒதுக்கீடு இல்லை. ஆகவே அங்கே அட்டவணை வேறுபாடும் இல்லை. ஆனால் வேறு வகையான வேலி ஒன்று எழத் தொடங்கியுள்ளது. ஆலை வேலைகளில் 75 விழுக்காட்டை உள்மாநிலத்தார்க்கே தர வேண்டும் என்று 2019-இல் ஆந்திரச் சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. அரியானா 2020-இல் இயற்றிய அத்தகைய சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் செல்லாது என்று தள்ளியது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

இதில் நாம் எப்பக்கம் நிற்பது? உள்ளூரார்க்கு வேலை என்னும் முழக்கம் நம் செவிக்கும் இனிமையாகவே ஒலிக்கும். நிலத்தையும் நீரையும் ஆலைக்கு இழந்தவர் முதலில் வேலை கேட்பது நியாயமே. ஆனால் கும்மிடிப்பூண்டியில் பீகாரியை விலக்கும் கோல், தடாவில் நம் பிள்ளையை விலக்கும். இந்தியாவின் எப்பகுதியிலும் நடமாடவும் குடியேறவும் 19-ஆவது உறுப்பு தரும் உரிமை, நிலமில்லாதவனுக்கே மிகுதியும் வேண்டுவது. நிலமுடையவன் ஊரில் இருந்து பிழைப்பான். நிலமில்லாதவன் பிழைக்க ஊர் கடக்க வேண்டும்.

குடியுரிமையே இல்லாத அயலார்

அட்டவணை உரிமை பாதியாவது குறைபாடு. குடியுரிமையே இல்லாமை பெருங்குறைபாடு. அதனைக் காணவும் நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள. அங்கு வாழ்வோர் நம் மொழி பேசுவோர். அவர் பிள்ளைகள் நம் பிள்ளைகளுடன் படிப்போர். தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளோருள் மலையகத் தமிழரும் பலர்.

மலையகத் தமிழரின் வரலாறு நம் வரலாற்றின் ஒரு கிளையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளருள் பெருந்தொகையினர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே, நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனும் பூட்டனுமோ அந்நாட்டில் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்க்கு அத்தகைய தாள் எங்கே கிடைக்கும்? பல இலட்சம் மக்கள் ஒரே சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964-இல் சிறிமாவோ-சாத்திரி உடன்படிக்கை 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் செம்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. எஞ்சியிருந்தோர்க்கு வழிகாட்டும் சட்டத்தை இலங்கை 2003-இல்தான் இயற்றியது. போரில் கடல் கடந்து இங்கு வந்து முகாமில் தங்கியோரோ அச்சட்டத்தின் பயனுக்கு வெளியே நின்றனர்.

இந்தியாவிலும் பிறப்பால் குடியுரிமை கிடைப்பது படிப்படியாகக் குறுகியது. 1987 சூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எவராயினும், குடிமகன் ஆவார். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 2004 டிசம்பருக்குப் பின் அவ்விதி மேலும் இறுகியது. ஆகவே முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளையும் அயலாராகவே எண்ணப்படுகிறார். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்க்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்களித்து 2025-இல் ஆணை பிறந்தது. அது தண்டனையினின்று விலக்கு, குடியுரிமை அன்று.

இவ்விரண்டு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். இலங்கைச் சட்டம் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. நம் வகுப்புச் சான்றிதழோ, 1950-இல் ஆணை வெளியானபோது பாட்டன் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்தான் என்று கேட்கிறது. இரண்டிலும் பேரனின் வாழ்வைப் பாட்டனின் தாள் தீர்மானிக்கிறது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடமே எழுத்துச் சான்று மிகுதியாகக் கேட்கப்படுகிறது.

நாம் செய்யத் தக்கவை

மாநில அட்டவணை முறையை முற்றும் நீக்கிவிடலாம் என்று கூறுவது எளிது. ஆனால் அது நம் நன்மைக்கு உகந்ததன்று. ஒரு மாநிலத்தின் ஒதுக்கீடு அங்குள்ள தாழ்த்தப்பட்டோரின் தொகையையும் நிலையையும் கருதி அமைந்தது. வேலி முழுவதும் நீங்கினால், கல்வியில் முந்தியவர் பிந்தியவரின் இடத்தைக் கொள்ள நேரும். எனினும் இங்கேயே பிறந்து இங்கேயே படித்த தொழிலாளியின் பிள்ளையை, தந்தையின் ஊரைக் காட்டி எந்நாளும் வெளியே நிறுத்துவதும் முறையன்று. பள்ளிப் படிப்பு முழுவதையும் ஒரு மாநிலத்தில் முடித்த அட்டவணை வகுப்புப் பிள்ளைக்கு அம்மாநிலக் கல்வியிலாவது இடமளிக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். 1990-இல் நீதிமன்றம் சுட்டிய வழி இதுவே. நம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் செல்வோரிடம் இதனைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அச்சட்டம் வரும்வரை நம் கைக்கெட்டியவற்றைச் செய்வோம். தந்தை, பாட்டன் ஆகியோரின் சான்றிதழ், நிலப் பட்டா, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியலின் படி ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் பாதுகாத்து வைக்க வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மருமகள், தன் பிறந்த மாநிலத்துச் சான்றிதழைத் திருமணத்துக்கு முன்பே பெற்று வருமாறு செய்தல் நலம். மைய அரசுத் தேர்வுகளுக்கு அதுவே அவளுக்குத் துணை. தன் பிள்ளைக்கு எந்த மாநிலத்துச் சான்றிதழ் உரியது என்பதைத் தந்தையின் மாநிலத்தைக் கொண்டு தெளிந்துகொள்ள வேண்டும். கல்லூரி விண்ணப்பம் நிரப்பும் நாளில் அன்று, பத்தாம் வகுப்பிலேயே இதனை ஆராய்தல் வேண்டும்.

நம் தெருவில் வாடகைக்குக் குடியிருக்கும் ஆந்திர, ஒடிய, பீகார் மாநிலத் தொழிலாளருள் நம்மைப் போன்று ஒடுக்கப்பட்டவரே பலர். அவர்தம் பெயர் நம் அட்டவணையில் இல்லை. நம் துயரம் அவர் வாழ்வில் உண்டு. அவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், சொந்த மாநிலத்து உதவித்தொகைக்கு எழுதவும், மைய அரசுத் தேர்வுக்குப் பயிலவும் உதவுவது இக்கல்விச் சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணிகளுள் ஒன்றாக அமைதல் வேண்டும். முகாமிலுள்ள பிள்ளைகளுக்கும் நம் மாலை வகுப்பின் கதவு திறந்திருக்கட்டும். குடியுரிமை என்பது அரசு தருவது. உடன் வாழ்வோர் ஒருவரையொருவர் உரியவராக ஏற்பது நம் கையில் உள்ளது.